குந்தாணியின் ஆணையும் மோர்பாத்தின் ஆடுகளும்

1291ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஊர்க்கோயில்களை எல்லாம் பட்டியலிடும் வேலை தொடங்கியது. முதலாம் எட்வர்டு மன்னர் சிலுவைப் போருக்குப் போவதாக நேர்ந்திருந்தார். அதற்காகத் திருச்சபையின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆறு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளத் திருத்தந்தை நான்காம் நிக்கோலஸ் அவருக்கு அனுமதி தந்தார். வரி போட வேண்டுமானால் வருமானம் தெரிய வேண்டும். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குக் கோயில்களின் ஆண்டு வருமானம் மதிப்பிடப்பட்டு ஏட்டில் ஏறியது. ஆறு மார்க்குக்குக் குறைவாக வருமானம் உள்ள எளிய கோயில்களுக்கு விலக்கு உண்டு. மன்னர் அந்தச் சிலுவைப் போருக்குப் போகவே இல்லை. ஆனால் அந்த ஏடு 1535 வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு, வரிவிதிப்புக்கு அடிப்படையாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்னகொத்தூரில், அன்றைய குந்தாணியில், ஒய்சள மன்னர் இராமநாதர் இதற்கு நேர்மாறான ஓர் ஆணையை அனுப்பினார். தம் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் இருந்த கோயில் நிர்வாகிகளான தானத்தார்க்கும் மடத்தார்க்கும் முகவரியிட்ட ஆணை அது. தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் எனக் கோயில்களுக்கும் மடங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடப்பட்ட நிலங்களிலிருந்து இதுவரை வாங்கிவந்த வரிகளைத் தறிவரி உள்ளிட்டு விட்டுக்கொடுக்கிறோம், அந்த வருவாயைக் கொண்டு பூசையும் அமுதுபடியும் திருப்பணியும் குறைவின்றி நடத்தி, நம்மையும் நம் நாட்டையும் வாழ்த்தியிருங்கள் என்பது அதன் சாரம்.

ஒருவர் கோயிலிடம் வாங்குகிறார், மற்றவர் கோயிலுக்கு விடுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். ஆயினும் இரு அரசர்களும் ஒரே இடத்தைத்தான் தேடிப் போனார்கள். ஊரின் உபரி எங்கே போய்ச் சேர்கிறதோ, ஊரின் பொறுப்புகள் எங்கே எழுதி வைக்கப்படுகின்றனவோ அந்த இடம் கோயில். ஓர் ஊர்க்கோயிலின் வரலாறு என்றதும் கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர், தூணின் பாணி என்று எழுதத் தொடங்கிவிடுகிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் யார் கொடுக்கக் கடமைப்பட்டவர், யார் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர், அந்தக் கடமை எப்போது யார் தோளிலிருந்து யார் தோளுக்கு மாறியது என்பதே அந்த வரலாற்றின் முதுகெலும்பு என்று நான் கருதுகிறேன். இங்கிலாந்தின் பங்குக் கோயில் ஆய்வுகள் அந்த வழியில் வெகுதூரம் போயிருக்கின்றன. குந்தாணி இருந்த அதே மாவட்டத்தின் மத்திகிரி, ஓசூர் வட்டாரத்துக் கோயில்களுக்கும் ஆலயங்களுக்கும் அப்படி ஒரு வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டும். எழுதுவதற்கான சான்றுகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

இங்கிலாந்தில் பங்கு என்ற அமைப்பு, அதாவது ஒரு கோயிலின் கீழ் அடங்கும் ஊர்ப்பரப்பு, ஒரே நாளில் பிறக்கவில்லை. தொடக்கத்தில் பெரிய மடக்கோயில் ஒன்று, அதைச் சுற்றிப் பரந்த நிலப்பரப்பு, அங்கிருந்து ஊர் ஊராகப் போய்வரும் குருக்கள் என்றிருந்தது. பத்தாம் நூற்றாண்டிலிருந்து நிலவுடைமையாளர்கள் தத்தம் ஊரில் தங்கள் வீட்டருகே சிறு கோயில்களைக் கட்டிக்கொண்டார்கள். 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் இடம்பெறுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் பங்கு எல்லைகள் பெரும்பாலும் உறைந்துவிட்டன. எல்லையை உறையவைத்தது பத்திலொன்று என்ற காணிக்கை. ஒரு வயலின் விளைச்சலில் பத்தில் ஒரு கட்டு எந்தக் கோயிலின் களஞ்சியத்துக்குப் போகிறது என்று தீர்மானமாகிவிட்டால், அந்த வயல் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. தானியத்தின் பத்திலொன்று தலைமைக் குருவின் உரிமை. கோழி, முட்டை, ஆட்டுக்குட்டி, தோட்டத்து விளைபொருள் போன்ற சிறு காணிக்கைகள் ஊரில் தங்கிப் பணிசெய்த துணைக் குருவுக்கு. பெரிய மடங்கள் பல ஊர்களின் தலைமை உரிமையைத் தாங்களே எடுத்துக்கொண்டு, குறைந்த ஊதியத்தில் ஒரு துணைக் குருவை அமர்த்தின. தானியம் மடத்துக்குப் போயிற்று, திருவழிபாடு ஊரில் நடந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டடத்தின் பொறுப்பும் இரண்டாகப் பிரிந்தது. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைத் தலைமைக் குரு பழுதுபார்க்க வேண்டும். மக்கள் நிற்கும் நீண்ட மண்டபத்தை மக்கள் பழுதுபார்க்க வேண்டும். இந்தப் பிரிவினை ஓர் எளிய நிர்வாக ஏற்பாடு போலத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. மண்டபத்துக் கூரை ஒழுகினால் ஊரார் கூடிப் பேச வேண்டும், பணம் திரட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் கோயில் காப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்தறியாத உழவர்கள் நிறைந்த ஊரில் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் அந்தக் கூரைக்கு அடியில்தான் வளர்ந்தது.

அப்படிப்பட்ட கணக்குகளில் புகழ்பெற்றவை டெவன் மாவட்டத்து மோர்பாத் என்ற சிற்றூரின் கணக்குகள். முப்பத்துமூன்று குடும்பங்கள் மட்டுமே வாழ்ந்த ஊர். கிறிஸ்டோபர் டிரிக்கி என்ற குரு 1520இல் அங்கே பொறுப்பேற்று 1574 வரை, ஐம்பத்துநான்கு ஆண்டுகள், அதே ஊரில் இருந்தார். காப்பாளர்களின் கணக்கை அவரே எழுதினார், ஊரார் முன் உரக்கப் படித்தும் காட்டினார். வரலாற்றாசிரியர் ஏமன் டஃபி 2001இல் இந்தக் கணக்குகளைக் கொண்டு ஒரு முழு நூலையே எழுதினார். ஒரு குக்கிராமத்தின் வரவுசெலவில் ஒரு நாட்டின் சமய மாற்றத்தையே படிக்க முடியும் என்று காட்டிய நூல் அது.

அதில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றியவை ஆடுகள். மோர்பாத் கோயிலுக்குச் சொந்தமாக ஆட்டு மந்தை இருந்தது. ஆனால் கோயிலுக்கென்று பட்டி கிடையாது. ஆடுகள் வீட்டுக்கு ஒன்றிரண்டாக ஊரார் மந்தைகளோடு சேர்ந்தே மேய்ந்தன. ஆண்டுக்கொரு முறை காப்பாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எத்தனை ஈன்றன, எத்தனை செத்தன, யார் வீட்டில் எது நிற்கிறது என்பதெல்லாம் கணக்கில் ஏறியது. கம்பளி விற்ற பணத்தில் புனிதர்களின் சுரூபங்களுக்கு முன் மெழுகுவிளக்கு எரிந்தது. கன்னியர்க்கு ஒரு நிதி, இளைஞர்க்கு ஒரு நிதி, மாதாவுக்கு ஒரு நிதி என்று தனித்தனியே காப்பாளர்கள் இருந்தார்கள். கன்னியர் நிதிக்கு ஊர்ப் பெண்களே பொறுப்பு.

தமிழ்க் கல்வெட்டுகளைப் புரட்டியவர்க்கு இது புதிதாக இருக்காது. நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் என்று சோழர் காலத்துக் கோயில்களில் நூற்றுக்கணக்கான கொடைகள் உள்ளன. சாவா மூவாப் பேராடு என்று பெயரிட்டு மந்தையை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். டெவன் மேட்டு நிலத்துக்கும் தமிழகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத காலத்தில், அணையாத விளக்குக்கு உயிருள்ள மந்தையை முதலாக வைக்கலாம் என்று இரு நாட்டு உழவர்களும் தாமாகவே கண்டறிந்தார்கள். பணவீக்கம் தின்னாத முதல் அது. ஆடு குட்டி போடும், கம்பளியும் நெய்யும் எப்போதும் விலைபோகும்.

ஆனால் வேறுபாட்டையும் விட்டுவிடக் கூடாது. மோர்பாத்தில் ஆடு செத்தால் அது கோயிலின் நட்டம். கணக்கில் ஒன்று குறைந்துவிடும். தமிழ்க் கொடையில் ஆடு செத்தாலும் எண்ணிக்கை குறையாது. இழப்பு முழுவதும் இடையரின் தலையில், அவர் வழிவந்தவர்களின் தலையில் விழும். கல்லில் வெட்டிய கொடை சந்திரன் சூரியன் உள்ளவரை நிற்பது. கொடுத்தவருக்குப் புண்ணியம் நிலையாகிறது, மேய்ப்பவருக்குக் கடன் நிலையாகிறது. கொடையாளியின் பெயரைப் பெருமையோடு படிக்கும் நாம் அந்தக் கடைசி வரியில் வரும் இடையரின் பெயரையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

மோர்பாத்தின் விளக்குகள் 1547க்குப் பிறகு அணைந்தன. ஆறாம் எட்வர்டின் அரசு சுரூபங்களையும் அவற்றுக்கு முன் எரிந்த விளக்குகளையும் விலக்கியது. விளக்கு போனபின் ஆடுகளும் போயின. நிதிகள் கலைந்ததும் அவற்றைக் கவனித்த கன்னியர்க்கும் இளைஞர்க்கும் கோயில் நிர்வாகத்தில் இருந்த இடமும் கலைந்தது. 1549இல் புதிய வழிபாட்டு நூலை எதிர்த்து மேற்கு மாவட்டங்கள் கிளர்ந்தபோது இந்தச் சிற்றூர் ஐந்து இளைஞர்களைக் கிளர்ச்சியாளர் முகாமுக்கு அனுப்பியது. அவர்களுக்கு ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்த விவரம் அதே கோயில் கணக்கில் இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இராமநாதர் 1254இல் ஒய்சள நாடு பிரிந்தபோது தெற்குப் பகுதியைப் பெற்றவர். திருச்சிக்கு அருகே கண்ணனூரில் இருந்து ஆண்டவர். பாண்டியரின் அழுத்தம் தாங்காமல் அவருடைய தலைமை இடம் வடக்கே மேட்டு நிலத்துக் குந்தாணிக்கு மாறியது. மாற்றாந்தாய்ச் சகோதரர் மூன்றாம் நரசிம்மரோடும் பகை. அந்த நெருக்கடியில் இருந்த மன்னர், கோயில்களிடமிருந்து வாங்குவதற்குப் பதில் விட்டுக்கொடுத்தது ஏன்? பக்தி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆணையின் முகவரிப் பட்டியலைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. குந்தாணி, விரிவிநாடு, மாசந்திநாடு, முரசுநாடு, இலைப்பாக்கநாடு, குவலாளநாடு, கைவாரநாடு என்று அது நீள்கிறது. குவலாளம் என்பது இன்றைய கோலார். ஓசூர் வட்டாரம் முரசுநாட்டில் அடங்கும். புதிதாக வந்து தங்கிய ஓர் அரசுக்கு இந்த நாடுகளின் ஊர்த்தலைவர்களோடும் தானத்தாரோடும் உறவு தேவைப்பட்டது. எல்லா ஊரிலும் ஏற்கெனவே கால் ஊன்றி நின்ற நிறுவனம் கோயில் ஒன்றே. வரியை விட்டுக்கொடுத்த அரசர் அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோயில் சுவரிலும் தம் பெயர் வெட்டப்பட்ட ஒரு கல்லைப் பெற்றார். எட்வர்டு மன்னருக்குப் பணம் தேவை, இராமநாதருக்கு ஒப்புதல் தேவை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஆணையின் பிரதிகள் பல இன்று கர்நாடக எல்லைக்குள், பெங்களூரு, கோலார் பகுதிக் கோயில்களில் தமிழில் உள்ளன. 1905இல் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம், பத்தாம் தொகுதிகளில் அவற்றைப் படிக்கலாம். பெங்களூருவின் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் இராமநாதர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. மடிவாளா சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கொடையாகச் சொல்கிறது. ஆணை பிறந்த தலைநகர் தமிழ்நாட்டில், ஆணையின் பிரதிகள் கர்நாடகத்தில்! தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1970களில் தருமபுரிக் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது மாவட்ட எல்லையோடு நிற்க வேண்டியிருந்தது. நம் ஆய்வாளர் ஒரு வரிசை நூல்களைப் புரட்ட, அங்குள்ளவர் இன்னொரு வரிசையைப் புரட்டுகிறார். மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடி பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள்ளும் போய் நின்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

எல்லைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நகர்வதை இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவப் பங்குகளின் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மத்திகிரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கத்தோலிக்கப் பங்குகள் உண்டு. இவற்றின் வேர் மதுரை மிஷனைவிட மைசூர் மிஷனோடு பின்னியது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபைக் குரு லியோனார்தோ சின்னாமி சீரங்கப்பட்டணத்தில் தொடங்கியது அந்த மிஷன். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணி சபையார் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் ஓசூர்ப் பகுதி கும்பினி ஆட்சிக்குள் வந்து சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. மைசூர் தனி அரசானது. 1824இல் மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணை அமைந்தது. அதுவே பின்னர் அரசு கால்நடைப் பண்ணையாயிற்று. வருவாய்த் துறைக்கு மத்திகிரி சேலம் மாவட்டம். ஆனால் திருச்சபைக்கு அது மைசூர். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோதுதான் ஓசூர்ப் பகுதி மைசூரிலிருந்து பிரிந்தது. அரசு எல்லை மாறிய பிறகு நூற்று முப்பத்தோரு ஆண்டுகள் திருச்சபை எல்லை பழைய இடத்திலேயே நின்றது. 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிறந்தபோது இன்னொரு மாற்றம். மாவட்ட நிர்வாகமோ 1965இல் தருமபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரிக்கும் நகர்ந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. மத்திகிரி இன்று அதற்குள்.

இங்கிலாந்திலும் இதே கதை உண்டு. பல பங்குகளின் எல்லைகள் கோமகன்களும் மாவட்டங்களும் மாறிய பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் அசையவில்லை. அதனால்தான் அங்கே ஊர் வரலாற்றின் அடிப்படை அலகாகப் பங்கு நிற்கிறது. 1538இல் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதி, இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்கச் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில், 1563இல், திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் ஏடு வைப்பதைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்களில் நிலமும் பட்டாவும் இல்லாத குடும்பத்தார் கல்வெட்டில் வரமாட்டார்கள், செப்பேட்டில் வரமாட்டார்கள். திருமுழுக்கு ஏட்டில் வருவார்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் அங்கே உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் இந்த எல்லைப் பகுதியில், எந்தக் குடும்பம் எந்தத் திசையிலிருந்து வந்து எந்த வீட்டில் பெண் கொடுத்தது என்பதைச் சொல்லக்கூடிய ஏடுகள் அவை.

பழுதுபார்க்கும் கடமை எவ்வளவு நீண்ட ஆயுள் கொண்டது என்பதற்கு வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரின் வழக்கு சான்று. அங்கே ஒரு பண்ணையை மரபுரிமையாகப் பெற்ற தம்பதியிடம், ஊர்க்கோயிலின் பலிபீடப் பகுதியைச் செப்பனிட ஏறத்தாழ 95,000 பவுண்டு தரும்படி 1990களில் பங்குப் பேரவை கேட்டது. இடைக்காலத்தில் தலைமைக் குருவுக்கு இருந்த கடமை, அவருக்குரிய நிலம் கைமாறியபோது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கைமாறியிருந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 2003இல் கடமை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. இறுதியில் பண்ணையை விற்க நேர்ந்தது. அந்தத் தம்பதிக்கு நேர்ந்தது கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. இடைக்காலத்துச் சுமை ஒன்றை எழுநூறு ஆண்டு கழித்து ஒருவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. அந்த உணர்வு அங்கும் எழுந்ததால்தான், இத்தகைய கடமைகளை 2013 அக்டோபருக்குள் நிலப்பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் மாறியது.

நம் ஊரில் நடந்தது தலைகீழ். கடமைகள் சுமையாக நீளவில்லை. சுவடே இல்லாமல் தேய்ந்தன. 1858இல் தொடங்கிய சென்னை மாகாண இனாம் கமிஷன் ஒவ்வொரு கோயில் மானியத்தையும் விசாரித்து, உரிமையை உறுதிசெய்து, பட்டய எண் கொடுத்தது. அந்த இனாம் ஃபேர் ரிஜிஸ்டரை 1291ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பட்டியலோடு ஒப்பிடத் தகும். எந்தக் கோயிலுக்கு எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், விளக்கேற்றுபவருக்கு எவ்வளவு, மேளம் வாசிப்பவருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதன்பின் 1963இன் இனாம் ஒழிப்புச் சட்டம். அதன்பின் சிப்காட் தொழிற்பேட்டை, அதன்பின் மனைப்பிரிவுகள். 1970களின் பிற்பகுதியிலிருந்து ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த வேகத்தில் கோயில் நிலத்தின் அடங்கல் கணக்கைப் பழைய ரிஜிஸ்டரோடு ஒத்துப்பார்க்க எத்தனை ஊரில் ஆள் இருந்தது?

கல்வெட்டுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. இராமநாதரின் ஆணை திருப்பணி செய்யுங்கள் என்றது. இன்றைய திருப்பணியில்தான் அத்தகைய ஆணைகள் அழிகின்றன. அதிட்டானத்துக் கல்லைச் சாண்ட் பிளாஸ்டிங் செய்கிறார்கள், எழுத்து மழுங்குகிறது. மேலே எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள், தரையில் கிரானைட் பதிக்கிறார்கள். கருங்கல் வெட்டி ஏற்றுமதி செய்யும் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சம் இல்லை. வயல் ஓரத்து நடுகற்கள் மனைப்பிரிவுக்கு வழிவிட்டுப் புதைகின்றன. செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தங்கள் சாமி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற அன்பில்தான் ஊரார் நிதி திரட்டுகிறார்கள். அந்த அன்பின் முன் கையேந்திக் கேட்க வேண்டிய ஒன்றே ஒன்று இதுதான்: குடமுழுக்குக்கு நாள் குறிப்பதற்கு முன் சுவரிலுள்ள எழுத்தை மைப்படி எடுத்துவிடுங்கள். ஒரு கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கத் தாளும் மையும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும்.

ஆலயங்களுக்கும் இது பொருந்தும். பழைய ஓட்டுக்கூரை ஆலயத்தை இடித்துப் பெரிய கான்கிரீட் ஆலயம் கட்டும்போது பழைய மணியின் மேலுள்ள எழுத்து, கல்லறைப் பலகைகள், கட்டடக் கணக்கேடு ஆகியவற்றை முதலில் படமெடுத்து வைக்கலாம். மத்திகிரிப் பங்கின் முழு வரலாற்றை எழுத விரும்பும் ஒருவர் சேலத்திலும் தருமபுரியிலும் மட்டும் தேடினால் போதாது. 1930க்கு முந்தைய காலத்துக்கு அவர் மைசூருக்கும் பெங்களூருவுக்கும் போக வேண்டும். மறைப்பணியாளர்களின் ஆண்டறிக்கைகளுக்குப் பாரிஸ் சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அதற்கும் முந்தைய மடல்களுக்கு ரோமில் இயேசு சபையின் காப்பகம். குந்தாணியின் ஆணைக்கு எபிகிராஃபியா கர்நாடிகா, மானியங்களுக்கு இனாம் ரிஜிஸ்டர், குடும்பங்களுக்குத் திருமுழுக்கு ஏடு. இந்த மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, முரசுநாட்டின் ஏதாவது ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, எழுநூறு ஆண்டுகளாக அதன் கோயில் விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள், ஆலயக் கூரைக்கு யார் ஓடு வாங்கினார்கள் என்று கணக்கெழுதத் தொடங்கலாம். ஓசூரில் கல்லூரிகள் பெருகிவிட்டன. மும்மொழியும் வீட்டிலேயே கற்ற மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டையும் கன்னடக் குறிப்பையும் தெலுங்கு வாய்மொழியையும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் படித்தறியக் கூடியவர்கள் அவர்கள்.